கிளைக்கு முன்னால் குனிந்தவள்

1

இந்தக் கதை ஒரு மரக்கிளையில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "சுற்றுலாச் சிறப்பிதழ் போடறோம்யா. 'நம்ம மாநகரத்துக்கு ஏன் வரணும்? பத்துக் காரணங்கள்.' நீதான் எழுதற."

"சார், நான் கொலைக்கதை எழுதறவன்."

"தெரியும்யா. இதுல யாரையும் கொல்லாதே. அது ஒண்ணுதான் நிபந்தனை."

ஆகவே, சுற்றுலாப் பயணிகள் ஏறும் அந்தக் கூரையில்லாத மாடிப் பேருந்தில் நானும் ஏறினேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்மணி. நாற்பதைத் தாண்டியிருப்பார். வழிகாட்டிப் பெண் மைக்கோடு வந்து எல்லாரையும் விசாரித்தாள். "எந்த ஊரு மேடம்?" ஏதோ தூரத்து ஊரின் பெயரைச் சொன்னார் அந்தப் பெண்மணி. "முதல் தடவையா?" "முதல் தடவைதான்."

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு மரச்சாலை உண்டு. அங்கே ஒரு தடித்த கிளை சாலைக்குக் குறுக்கே தாழ்வாக நீண்டிருக்கும். 'எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்குங்க' என்று சொல்ல வழிகாட்டி மைக்கைத் தூக்கினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசைப் பெண்மணி குனிந்துவிட்டார். பதறிக்கொண்டு அல்ல. சொந்த வீட்டின் தாழ்ந்த கதவில் நுழைகிறவர் குனிவாரே, அப்படி.

முதல் தடவை வருகிறவருக்குக் கிளை எங்கே வரும் என்று எப்படித் தெரியும்?

என் நாவலாக இருந்தால் துப்பறிபவர் அந்த இடத்திலேயே அவர் தோளைத் தட்டியிருப்பார். நான் தட்டவில்லை. பேருந்து நின்றதும் அவர் இறங்கிக் கூட்டத்தில் கரைந்துவிட்டார். நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்:

"ரத்தம் கசியும் கைப்பையோடு அவள் மாடிப் பேருந்தில் ஏறினாள். பின்னாலேயே—"

(வேண்டாம். கைப்பையில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும்தான் இருந்தன. நானே பார்த்தேன்.)

"இந்த நகரத்தின் எல்லா ரகசியங்களும் அறிந்த அந்த ஒற்றர், சுற்றுலாப் பயணி வேடத்தில்—"

(யாரை ஒற்று பார்க்க? சதுக்கத்தில் நிற்கும் குதிரைச் சிலையையா?)

"அவள் பல் செய்கிறவள்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அவள் பல் செய்கிறவள். நகரத்துப் பல் மருத்துவமனைகளிலிருந்து அச்செடுத்த தாடைகள் சுண்ணாம்பு வார்ப்புகளாக அவளிடம் வரும். அவற்றின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் செட்டும் கீழ் செட்டும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்த்து, பிறகு அக்ரிலிக்கில் வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை செய்யும் இடம் ஒரு கட்டடத்தின் தரைக்குக் கீழே. ஜன்னல் வழியே பார்த்தால் நடந்துபோகிறவர்களின் செருப்பு தெரியும்.

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். ஊர்வாயெல்லாம் அவள் மேசைமேல் திறந்துதான் கிடந்தது. ஒரு வாயும் அவளிடம் பேசியதில்லை.

அந்தப் பல் லேபில் அவளைப் 'பல்லழகி' என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அவள் சிரித்து அவர்கள் பார்த்ததே அபூர்வம்.

3

ஒரு நாளில் அவளிடம் கேட்கப்படும் கேள்விகளை யோசித்துப் பார்த்தேன். முதலாளி: "முடிஞ்சுதா?" பேருந்தில்: "இறங்கறீங்களா, இல்லியா?" கடையில்: "பை வேணுமா?" லிஃப்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பரீட்சை முடிவு வரப்போவதுபோல எல்லாரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டுக்காரர், அவள் பூட்டிவிட்டுப் போகும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தன் கதவைத் திறப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி போன் செய்வான். வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

"என்னக்கா, சாப்பிட்டியா?"

"ஆச்சுடா. நீ?"

"இப்பதான். என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. நேத்து ஒருத்தர் பல்லு—"

"டேய், தங்கச்சியை அடிக்காதே! அக்கா, இவன் படுத்தறான். அப்புறம் பேசறேன், என்ன?"

அந்த 'ஒருத்தர் பல்லு' இன்றுவரை பாதியில்தான் நிற்கிறது. நானும் அதை முடிக்கப் போவதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, துணி சோப்பு வாங்கப் புறப்பட்டவள், சாதாரணப் பேருந்துக்காக நின்றாள். வந்ததோ கூரையில்லாத பேருந்து. படியில் நின்ற பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க மேடம், வாங்க! மாடில நல்ல இடம் இருக்கு. எந்த ஊரு நீங்க?"

பல்லழகி திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாரையாவது கேட்கிறாளோ என்று. யாரும் இல்லை. வாயில் வந்த ஓர் ஊரைச் சொன்னாள்.

"அட, அவ்வளவு தூரத்துலேருந்தா! எப்படி இருக்கு எங்க ஊரு? பிடிச்சிருக்கா?"

இத்தனை வருடங்களாக அவள் வாழும் ஊரைப் பற்றி அன்றுதான் ஒருத்தர் அவளிடம் அபிப்பிராயம் கேட்டார்.

ஆசிரியருக்கு: முதல் காரணம் கிடைத்துவிட்டது சார். இங்கே சுற்றுலாப் பயணியாக வந்தால், நாலு பேர் 'எந்த ஊரு' என்று கேட்பார்கள்.

4

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவளுக்கு ஓர் ஊர். ஒரு வாரம் ஆற்றங்கரை, ஒரு வாரம் பாலைவனத்து ஓரம். தொப்பி வாங்கினாள். கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டாள். (அதில் பேட்டரி இல்லை. கேமரா இருந்தால் யாராவது 'உங்களை ஒண்ணு எடுக்கட்டுமா' என்று கேட்பார்கள், அதற்காக.) பக்கத்து சீட் பெண்கள் மருமகளைப் பற்றிப் பொருமுவார்கள். கணவன்மார்கள் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். தெரியாத குழந்தைகள் அவள் மடியில் தூங்கும். பயணிகள் ஒருவரோடொருவர் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

இறங்கும்போது எல்லாருக்கும் ஒரே வசனம் வைத்திருந்தாள். "நாளைக்குக் காலைல ஊருக்குக் கிளம்பறேன்." அதைச் சொன்னால் முகவரி கேட்க மாட்டார்கள், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வசனம். அது நாக்கில் வருவதற்கு யோசிக்கவே வேண்டாம்.

[வாசகரே, இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வெடிகுண்டை எந்த அலமாரியில் வைக்கிறேன் என்று முன்கூட்டியே காட்டிவிடுவது என் பழக்கம்.]

வழிகாட்டிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தினமும் நூறு முகம் பார்க்கிறவள், மறந்திருப்பாள் என்று எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. ஆகவே ஒரு ஞாயிறு அவளையே பேச விட்டேன். பல்லழகி படியேறுகிறாள். வழிகாட்டி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்:

"மேடம், இந்தத் தடவை எந்த ஊரு?"

பல்லழகி கொஞ்சம் யோசித்து, "மலைமேல," என்றாள். "குளிரான ஊரு."

"சூப்பர்," என்றாள் வழிகாட்டி. மைக்கில் உரக்க, "நம்மகூட இன்னிக்கு மலையூர்லேருந்து ஒரு மேடம் வந்திருக்காங்க, எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

5

ஆசிரியர் போனில்: "எத்தனை காரணம் ஆச்சு?"

"ஒண்ணரை சார்."

"அரைக் காரணம்னா என்னய்யா?"

"இன்னும் சீட்ல உக்காரலை சார். இப்பதான் ஏறிட்டிருக்கு."

6

ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு கதையை ஓட்ட முடியாது. எனக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டது. அவளுக்கும்.

வந்தார். அதே மலையூர் ஞாயிறுதான். எழுபது வயதிருக்கும். வெயில் கொளுத்துகிற நாளில் கையில் ஒரு நீளக் குடை.

"இந்த சீட்டுக்கு யாராவது வராங்களாம்மா?"

"இல்ல, உக்காருங்க."

"குடை இடிக்குதா?"

"இடிக்கல. மழையே இல்லியே சார், எதுக்குக் குடை?"

"திடீர்னு வந்துட்டா? அப்ப எல்லாரும் என்கிட்டதானேம்மா வந்து நிக்கணும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. குடைக்காரர் விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், எப்போது வந்தாள், எத்தனை நாள். அவள் மலையூரை ஒப்பித்தாள். அவர் கடலோரமாம். முதல் தடவையாம்.

"தனியாவா வந்தீங்க?"

"சேச்சே. சம்சாரமும் வந்திருக்கா. முழங்கால் வலி. ஓட்டல் ரூம்ல படுத்திருக்கா. நீங்க பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்கன்னுட்டா. நானும் ஒண்ணு விடாம சொல்லணும், இல்லேன்னா பிடிச்சுக்குவா."

சதுக்கத்தில் வழிகாட்டி கை காட்டினாள். "இடது பக்கம் பாருங்க. குதிரைமேல ராஜா. குதிரை ஒரு காலைத் தூக்கிட்டு நிக்குது பாருங்க."

"பாவம், எப்பம்மா அந்தக் காலைக் கீழ வைக்கும்?" என்று கத்தினார் குடைக்காரர்.

"நீங்கள்லாம் ஊருக்குப் போனப்புறம் சார்!"

வண்டியே சிரித்தது. குடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த பல்லழகி அந்த வாயைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதற்கு அடுத்த இடப்பக்கப் பல் இம்மி சாய்ந்து, சாத்தாமல் விட்ட கதவுபோல நின்றது.

அந்தச் சாய்வு அவள் கை. எல்லாப் பல்லையும் சிப்பாய் வரிசையாக நட்டால் பொய்ப்பல் என்று பத்தடிக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். அதனால் ஒரே ஒரு பல்லை மட்டும் இம்மி சாய்த்து வைப்பாள். சில டாக்டர்கள் திருப்பி அனுப்புவார்கள், சிலர் கவனிக்க மாட்டார்கள். அந்தச் சந்தோ, மறக்கவே முடியாத சந்து. மருத்துவமனை வரவேற்புப் பெண் போனில் சொன்னது அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

"அக்கா, பெரியவர் முன்பல்லு நடுவுல சந்து வேணுங்கறார்."

"ஊரெல்லாம் சந்தை அடைக்கச் சொல்லுது. இவருக்குச் சந்து வேணுமாமா?"

"சொந்தப் பல்லுல இருந்துச்சாம். அது இல்லேன்னா சம்சாரத்துக்கு ஆளை அடையாளம் தெரியாதாம், வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்களாம்."

வைத்து அனுப்பினாள். திரும்பி வந்தது. "இன்னும் கொஞ்சம் அகலமா வேணுமாம்க்கா. விசில் அடிக்க வரலையாம்." மறுபடி மெழுகை உருக்கி, அகலப்படுத்தி, தானே அந்தச் சந்தில் வாயால் ஊதிப் பார்த்து அனுப்பினாள்.

ஒரு பல்செட் ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. அச்செடுக்க ஒரு தடவை, மெழுகில் பொருத்திப் பார்க்க ஒரு தடவை, உறுத்துகிற இடத்தை ராவ நாலு தடவை. மனிதர் இந்த ஊரில் இருந்தால்தான் நடக்கும்.

கடலோரமாவது, முதல் தடவையாவது! பொய். அப்பட்டமான பொய். தன்னுடையதைப் போலவே.

7

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். என் கை அரித்தது. பல்செட்டுக்குள் கடத்தல் வைரம்! அதை அறியாமல் செய்துகொடுத்த அபலைப் பெண்! இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். படித்துப் பார்த்தால், குடைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'என்னை எதுக்குப்பா இதுல இழுக்கற? நான் பேச ஆள் தேடி வந்தவன்' என்று கேட்பதுபோலவே இருந்தது. இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.)

8

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார் குடைக்காரர்.

மற்ற ஞாயிறுகளில் இதற்கு 'டீச்சர்' என்பது பதில். அன்று அவள் பார்வை அவர் பல்லிலேயே இருந்தது. உண்மை தானாக நழுவி விழுந்தது.

"பல் செய்யறேன்."

"பல்லா?"

"கட்டற பல்லு. மேல் செட், கீழ் செட்."

குடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். குடையின் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருகினார். வண்டி மணிக்கூண்டைக் கடந்தது. வழிகாட்டி அதன் உயரத்தைச் சொன்னாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"உங்க மலையூர்லயா?" என்றார் மெதுவாக, உதட்டை அதிகம் திறக்காமல்.

"ம்."

"செஞ்ச பல்லெல்லாம் ஞாபகம் இருக்குமாம்மா?"

அவள் என்ன சொல்ல வேண்டும்? வாசகரே, இங்கே எனக்கு மூன்று வசனங்கள் இருந்தன. 'இருக்கும்' என்றால் அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். 'இருக்காது' என்றால் அவளுக்கே துரோகம். மூன்றாவதை அவளே எடுத்துக்கொண்டாள்.

"விசில் அடிக்கிற பல்லா இருந்தா ஞாபகம் இருக்கும்."

அவர் காதுமடல் சிவந்தது. பேருந்து அருங்காட்சியகத்தைச் சுற்றிக்கொண்டு மரச்சாலைக்குள் திரும்பியது. வழிகாட்டி மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்—

இரண்டு பேரும் குனிந்தார்கள்.

ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. கிளை தலைக்குமேல் இலையை உரசிக்கொண்டு போனது. பின்னால் யாரோ 'ஐயோ தொப்பி' என்றார்கள். முழங்காலுக்கு அருகே இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"வெயில் கண்ணைக் கூசுது," என்றார் குடைக்காரர்.

"ஆமா சார். எனக்கும்."

"பயங்கர வெயில்."

"பயங்கரம்."

கிளை போய் வெகுநேரமாகியும் இருவரும் நிமிரவில்லை. அந்தத் தாழ்ந்த உயரத்தில், அவர் அந்தச் சந்து வழியாக மெல்ல ஒரு விசில் அடித்தார். பாட்டெல்லாம் இல்லை, ஒற்றைச் சத்தம். அவள் சிரித்தாள். லேபில் யாரும் பார்க்காத சிரிப்பு.

9

இதோடு கதையை முடித்திருந்தால் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். வெடிகுண்டு இன்னும் அலமாரியில் இருக்கிறதே.

கடைசி நிறுத்தம். கூட்டம் இறங்கியது. நடைபாதையில் இருவரும் நின்றார்கள். இந்த ஊரில் எனக்கு ஒரு மனிதரைத் தெரியும் என்ற நினைப்பு அவளுக்குப் புதிதாக இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று கேட்க வேண்டும். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. குடைக்காரரும் எதையோ சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ ஞாயிறுகளாகப் பழகிய அவர் நாக்கு முந்திக்கொண்டது.

"அப்ப நாளைக்குக் காலைல ஊருக்குக் கிளம்பறோம்மா. வரட்டுமா?"

அவள் நாக்கும் சும்மா இருக்கவில்லை. "நானும் நாளைக்குத்தான் சார்."

சொன்ன பிறகு இரண்டு பேருமே ஒரு கணம் விழித்தார்கள். இனி எப்படித் திருப்பி எடுப்பது? பிறகு அவர் குடையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரு பக்கம் நடந்தார். இவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். அவள் வீடு அவர் போன பக்கம்தான். சும்மா ஒரு தெரு சுற்றிக்கொண்டு போனாள்.

10

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. ஊருக்குப் போனவள் எப்படிப் பேருந்தில் இருப்பாள்? தம்பி போன் செய்தான். "என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணும் இல்லடா." "சரி, உடம்பைப் பார்த்துக்க."

வழக்கமாக இந்த இடத்தில் முடிவுகளை வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்குகிறேன்.

முதல் முடிவு: இருவரும் எதேச்சையாக மார்க்கெட்டில் சந்திக்கிறார்கள். (எதேச்சை என்பது எழுத்தாளனின் சோம்பலுக்கு இன்னொரு பெயர். கேன்சல்.)

இரண்டாவது முடிவு: அவள் மருத்துவமனைப் பெண்ணிடம் முகவரி கேட்டு வாங்கி வீட்டுக்கே போகிறாள். கதவைத் திறப்பது அவருடைய மனைவி. (கேட்டால் கொடுக்க மாட்டார்கள். லேபுக்கு வருவது எண் மட்டும்தான். மேலும் இவள் கேட்கிற ஆளில்லை.)

மூன்றாவது—

மூன்றாவதை நான் எழுதவில்லை. அவரே அனுப்பினார்.

வியாழக்கிழமை, மருத்துவமனைப் பையிலிருந்து ஒரு மேல் செட் வந்தது. நடுவில் விரிசல், முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டிருந்தது. சாய்ந்த பல்லைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வரவேற்புப் பெண் போனில் வந்தாள்.

"அக்கா, பெரியவர் பல்லு கீழ விழுந்து உடைஞ்சுடுச்சாம். சனிக்கிழமைக்குள்ள கிடைக்குமான்னு கேக்கறார். ஞாயித்துக்கிழமை எங்கேயோ போகணுமாம்."

"குடுத்துடலாம். விரிசலை ஒட்டிப் பல்லை நட்டா போதும்."

"இன்னொண்ணுக்கா. அந்தச் சந்து இருக்குல்ல, அதை அடைச்சுடச் சொல்றார்."

அவள் கையிலிருந்த செட்டைப் பார்த்தாள். "ஏனாம்?"

"அதான் நானும் கேட்டேன். 'இனிமே வேண்டாம்மா'ன்னார். அவ்வளவுதான்."

11

ஆசிரியர் கொல்லாதே என்று சொன்னதால் நான் யாரையும் கொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொல்லாவிட்டாலும் கொன்றிருக்க மாட்டேன். கணக்கு வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நாவல்களில் கொன்றிருக்கிறேன். விஷம், கயிறு, ரயில், ஒருமுறை ஊறுகாய் ஜாடிகூட. ஆனால் முழங்கால் வலியோடு ஓட்டல் அறையில் படுத்திருக்கும் அந்த அம்மாளை, ஒருபோதும் மேடைக்கு வராத அந்த அம்மாளை, கொல்ல எனக்குக் கை வரவில்லை. ஓட்டல் அறையிலேயே விட்டுவைத்தேன். அங்கே இருக்கும்வரை குடைக்காரருக்குப் போய்ச் சொல்ல ஓர் ஆள் உண்டு. குதிரையைப் பற்றி, மணிக்கூண்டைப் பற்றி, பல் செய்கிற ஒரு பெண்ணைப் பற்றி.

'இனிமே வேண்டாம்மா.'

ஓட்டல் அறையே இல்லை என்பதை அவர் அந்த இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். எப்போதிலிருந்து இல்லை என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அல்லது—

(அல்லது வேறு காரணமாகவும் இருக்கலாம். பல்லை வைத்துத்தான் தன்னை அவள் கண்டுபிடித்தாள் என்று அவருக்குத் தெரியும். சந்தை அடைத்துவிட்டால் வேறு ஆள். வேறு ஊர். மறுபடி பேருந்தில் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, 'எந்த ஊரும்மா நீங்க' என்று முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊருக்குப் போய்விட்டேன் என்று சொன்ன வாய் திரும்பி வருவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுவாக இருக்கலாம்.)

இரண்டில் எது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

12

வெள்ளி சாயங்காலம். விரிசலை ஒட்டியாகிவிட்டது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பல்லழகி, முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"ஒரு ரிப்பேருக்கு இவ்வளவு யோசனையா? அடைக்கச் சொன்னா அடைச்சுத் தள்ளு."

"நாளைக்குத் தந்துடறேன் சார்."

அவள் மேசைமேல், ஆயத்தப் பற்களை வரிசையாக ஒட்டிய பல் அட்டை. அதில் இரண்டு ஜோடி முன்பற்களை எடுத்துத் தனியே வைத்திருக்கிறாள். ஒரு ஜோடி அகலமானது. நட்டால் சந்து இருந்த இடமே தெரியாது. அவர் கேட்டதும் அதுதான். அவர் துக்கம், அவர் வாய், அவர் இஷ்டம். மறுக்க இவள் யார்?

இன்னொரு ஜோடி பழைய அளவு. அதை நட்டால் சந்து அப்படியே இருக்கும். அது இல்லாவிட்டால் அவரை அடையாளம் தெரியாது என்ற ஒரு மனுஷி இப்போது இல்லை. ஆனால் அது இருந்தால் அடையாளம் தெரிந்துகொள்கிற இன்னொரு மனுஷி இந்த ஊரில் இருக்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வேறு வாய் இல்லை. இந்த வாய்தான்.

மெழுகுக் கத்தியைச் சுடரில் காட்டிச் சூடாக்கினாள். கை ஒரு ஜோடியை நோக்கிப் போனது. அது—

நிறுத்துகிறேன். வாரப் பத்திரிகைத் 'தொடரும்' புத்தியில் அல்ல. எனக்கு உண்மையாகவே தெரியாது. சனிக்கிழமை பல் போய்ச் சேர்ந்துவிடும், அது மட்டும் நிச்சயம்.

13

ஆசிரியருக்கு: பத்துக் காரணம் தேறவில்லை சார். ஒன்றுதான் இருக்கிறது. அதையே பத்துத் தடவை போட்டுக்கொள்ளுங்கள்.

வாசகருக்கு: ஒரே ஒரு பாக்கி. வழிகாட்டிப் பெண் மைக்கைப் பொத்திக்கொண்டு 'இந்தத் தடவை எந்த ஊரு?' என்று கேட்டாளே, அந்த வசனம் என் கற்பனை அல்ல. அவள் கேட்டதுதான். யாரிடம் கேட்டாள் என்பதை மட்டும் மாற்றினேன். கட்டுரைக்கு ஒரு பயணம் போதும். நான் அதற்கப்புறமும் போய்க்கொண்டிருந்தேன்.

குனிந்த அந்தப் பெண்மணியை மறுபடி நான் பார்க்கவில்லை.

இன்று ஞாயிறு. மாடியில் இடது பக்கம், மூன்றாவது வரிசையில் ஓர் ஓரத்தில் தொப்பி போட்ட ஒருத்தி, இன்னும் எந்த ஊர் என்று முடிவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள். படியில் குடை தட்டும் சத்தம். யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வாயைத் திறந்தால்தான் தெரியும், சந்து இருக்கிறதா இல்லையா என்று. வண்டி கிளம்பிவிட்டது.

அவர்களுக்குப் பின்சீட் உங்களுக்கு. கேட்டால் ஏதாவது ஓர் ஊர் சொல்லிவிடுங்கள். அவர் சிரிக்கிறாரா, அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று அங்கிருந்து நன்றாகக் கேட்கும். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் வந்துவிட்டது. வண்டி மரச்சாலைக்குள் திரும்புகிறது. வழிகாட்டி மைக்கை எடுத்துவிட்டாள், இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் ஏன் குனிகிறீர்கள்?